ஒரு விசிலுக்கு நின்ற சுண்டெலி

அறிவும் அழகும், அவை இரண்டையும்விடக் கொஞ்சம் கூடுதலாகக் கோபமும் வாய்க்கப்பெற்ற என் அக்கா மகளுக்கு, உன்னுடைய ஒரே தாய்மாமனும், பேருந்து நடத்துநராகப் பெயரோடும் புகழோடும் பணியாற்றி ஓய்வுபெற்றவனுமாகிய நான் எழுதுவது யாதெனில், இவ்விடத்தில் நான், என் முழங்கால், என் சைக்கிள் ஆகிய மூவரும் சுமாராக இருக்கிறோம். சுண்டெலி பூரண நலம். அவ்விடத்தில் நீயும் உன் மணிக்கட்டும் உன் அம்மாவும் நலமாயிருக்க விரும்புகிறேன். உன் அம்மாவை மூன்றாவதாகப் போட்டிருப்பதை அவளிடம் சொல்லவேண்டாம்.

நிற்க.

கடிதம் என்றால் இந்த இடத்தில் "நிற்க" என்று போடவேண்டும் என்று ஏழாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குமேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக யோசிக்காமல் போட்டுவந்த வார்த்தை, இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது. நிற்கவைத்ததால்தானே இவ்வளவும்.

ஃபோன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. உன் அம்மா எடுத்து "அவ தூங்குறா"ங்கறா. காலையில பண்ணாலும் தூங்குறா, மத்தியானம் பண்ணாலும் தூங்குறா. "ஒரு பொண்ணு இவ்வளவு தூங்கினா டாக்டர்கிட்ட காட்டணும்க்கா"ன்னு அக்கறையாத்தான் சொன்னேன். பட்டுனு வெச்சுட்டா. அதனால்தான் கடிதம். கடிதத்தைத் தூங்குகிறவர்களும் எழுந்து படிக்கலாம்.

நேற்று லாயக்காரம்மா வாளியைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார். "உங்க மருமக குதிரைய வித்துடச் சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை மரச்சாமான் கடைக்காரர் வந்து பாக்கறாரு. உங்களை அந்தப் பக்கம் வரவேண்டாம்னு சொல்லச் சொன்னா" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். "இந்தப் பக்கம்தான்" என்று வாளியிலிருந்த தண்ணீரை என் செருப்புப் பக்கமாக ஊற்றினார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் இது உன் கையில் கிடைக்கவேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அவசரத்தின் கணக்கில் வைத்துக்கொள்.

உன் ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்துக்குப் புது மெஷின் வந்து, அதைப் பழகிக்கொள்ள உன்னை வேறு ஊருக்கு அனுப்பினார்களே, அதற்கு முந்தின நாள் லாயத்தில் சுண்டெலியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாய். போட்டிக்கு ஒன்றரை மாசம்தான் இருந்தது. "மாமா, நிஜமாவே இவனைப் பாத்துப்பீங்களா? இப்ப விட்டா உடம்பு இறங்கிடும், போட்டியில மூச்சு பத்தாது"ன்னு கேட்ட. நான் சும்மா "சரிம்மா"ன்னு சொல்லியிருந்தா என்ன? "என்னம்மா இப்படிக் கேட்டுட்ட, ஒரு குதிரைப் படையையே கட்டி மேய்ச்சவன் உன் மாமா"ன்னேன். "எந்தக் குதிரைப் படை?"ன்ன. "அது ஒரு படை"ன்னேன். உண்மையில், சின்ன வயசில் ஒரு பொருட்காட்சி ராட்டினத்தில் மரக்குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறேன். இறங்கின பிறகு வாந்தி எடுத்தேன். என் குதிரை அனுபவம் அதோடு பூர்த்தி.

நீ பொறுமையாகத்தான் விளக்கினாய். ஒரு நாள் மணலில் நடை, ஒரு நாள் மேட்டில் ஏற்றம், ஒரு நாள் மெதுவான ஓட்டம், ஒரு நாள் ஓய்வு என்றாய். ஓடவிட்டு, பிறகு நடக்கவிட்டு, மூச்சு அடங்கினதும் மறுபடி ஓடவிட வேண்டும், வந்ததும் காலுக்குப் பச்சைத்தண்ணீர் அடிக்க வேண்டும் என்றாய். "மூச்சு அடங்கின பிறகுதான் மாமா அடுத்த ஓட்டம், அதுதான் முக்கியம்"னு ரெண்டு தடவ சொன்ன. நான் மூணு தடவ தலையாட்டினேன்.

முதல் நாள் சேணம் பூட்டி, லாயக்காரம்மா தாங்கிப் பிடிக்க, ஏறி உட்கார்ந்தேன். நீ "சுண்டெலி" என்று பேர் வைத்தது, அது காற்றில் பறக்கும் காகிதத்தைக் கண்டுகூட நடுங்கும் என்பதால். ஆனால் மேலே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, அது எலி இல்லை, மாடி வீடு. அது கழுத்தைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. அக்கா, அதாவது உன் அம்மா, நான் ரிப்போர்ட் கார்டை நீட்டும்போது பார்ப்பாளே, அதே பார்வை. நான் மரியாதையாக இறங்கிவிட்டேன். "என்ன, படை கலைஞ்சுபோச்சா?"ன்னு லாயக்காரம்மா கேட்டாங்க. இன்றைக்குக் குதிரைக்கு மூடு சரியில்லை என்றேன்.

அதற்கப்புறம்தான் என் மூளை வேலை செய்தது, அதுதான் ஆபத்தும். ஆள் பின்னால் நடந்துகொண்டே நீளமான கடிவாளக் கயிற்றால் குதிரையை ஓட்டிப் பழக்குவார்கள் என்று நீதானே ஒருமுறை காட்டினாய். நடந்தால்தானே கஷ்டம் என்று நான் சைக்கிளில் ஏறிக்கொண்டேன். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் ஹேண்டில்பார், வாயில் என் பழைய விசில். கையிரண்டும் மாட்டிக்கொண்டவன் வேறு எதால் பேசுவான்? ஒரு விசில் அடித்தால் நில். இரண்டு அடித்தால் கிளம்பு. மனுஷங்க ஒரு பஸ் முழுக்க இருந்து புரிஞ்சுக்கறத ஒரு குதிரை புரிஞ்சுக்காதா? இரண்டே நாளில் புரிந்துகொண்டது! அப்படியொரு புத்திசாலி. "ட்ரைவர்களுக்கே இதைக் கத்துக்க மாசக்கணக்காச்சு"ன்னு லாயக்காரம்மாகிட்ட சொன்னேன். "அப்ப குதிரை ரிட்டயராகி பென்ஷனும் வாங்கப்போகுதா?"ன்னாங்க.

எங்கே ஓட்டுவது? மேட்டுப் பாதையில் சைக்கிள் ஏறாது. ஆகவே கால்வாய் ஓரமாக, என் பழைய பஸ் போகிற வழியிலேயே போனேன். அந்த வழியில் ஒவ்வொரு நிறுத்தமும் எனக்குக் கண்ணை மூடினாலும் வரும். பழக்க தோஷம், நிறுத்தம் வந்ததும் விசில் தானாக ஒன்று அடித்துவிடும், குதிரையும் நின்றுவிடும். அங்கே காத்திருக்கிறவர்கள், தையல் கடைக்குப் போகிற பெண்கள், மீன் வலைக்காரர், எல்லோரும் கூடி அதன் மூக்கைத் தடவி, பையிலிருந்து கேரட்டு, ஆப்பிள், பன் என்று ஊட்டுவார்கள். நானும் இறங்கி மூச்சு வாங்குவேன். நீ சொன்ன மாதிரியே மூச்சு அடங்கும்வரை ஒரு நிமிஷம்கூடக் குறைக்கவில்லை. என் மூச்சு அடங்கும்வரை, கண்ணு. சுண்டெலிக்கு மூச்சே வாங்கவில்லை. அது நின்ற இடத்தில் பன் தின்றுகொண்டிருந்தது. மூச்சு அடங்கினதும் இரண்டு விசில், கிளம்புவோம், அடுத்த நிறுத்தம்.

இந்த லட்சணத்தில் ஒன்றரை மாசம் ஓடினால் குதிரை எப்படி இருக்கும்? சேணத்தை இழுத்துக்கட்டும் வயிற்றுவார் கடைசித் துளையைத் தாண்டிப்போய்விட்டது. லாயக்காரம்மா புதுத் துளை குத்திக் கொடுத்துவிட்டு, "போட்டிக்குத் தயார் பண்றீங்களா, கசாப்புக்கடைக்குத் தயார் பண்றீங்களா?" என்றார். சதையில்ல, எல்லாம் பலம் என்றேன். உனக்கு நான் அனுப்பின படமெல்லாம் ஏன் முன்பக்கமாகவே இருந்தது என்று இப்போது புரிந்திருக்கும். பக்கவாட்டில் எடுத்தால் படத்துக்குள் அடங்கவில்லை.

உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் நான் சொல்லி ஒரு பூனைகூட நின்றதில்லை. ஒரு காலத்தில் நான் ஒரு விசில் அடித்தால் அத்தனை பெரிய வண்டி நிற்கும். கடைசி நாளன்று விசிலைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், தொலைந்துவிட்டது என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் அதை ஊத எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உன் குதிரை முதல் தடவை அந்த ஒற்றை விசிலுக்கு நாலு காலையும் ஒன்றாக ஊன்றி நின்றதே, அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடாமலே வயிறு நிறைந்து படுத்தேன். மறுநாளிலிருந்து தேவையில்லாத இடத்திலும் ஊத ஆரம்பித்துவிட்டேன். குதிரைக்காக இல்லை.

போட்டிக்கு முந்தின நாள்தான் நீ வந்தாய். "என்ன மாமா, குண்டாயிருக்கானே?" என்றாய். ஊர்க்காத்து என்றேன். மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, அமைதியா இருக்கான்"ன்னு அதன் காதுக்குப் பின்னால் முத்தம் கொடுத்தாய். காகிதப் பை பறந்தால் வேலி தாண்டி ஓடின குதிரையை, ஆஸ்பத்திரி டியூட்டிக்கு முன்னாடி விடியக்காலையில் வந்து வந்து, குடையைக் காட்டி, பையைக் காட்டி, ஒரு மரக்கட்டை தாண்டவைத்து, பிறகு இரண்டு, பிறகு தண்ணீர்ப் பள்ளம் என்று இரண்டு வருஷமாக நீ ஆளாக்கினாய். உன் கூடப் படித்தவர்களெல்லாம் எங்கெங்கோ டூர் போனபோது உன் டூரெல்லாம் அந்த லாயத்துக்குத்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதுதான் உறுத்துகிறது.

முதல் கட்டம், வேலி போட்ட மணலில் ஒழுங்காக நடந்து, ஓடி, நின்று, சல்யூட் வைக்கிற கட்டம். கூட்டம் ஐயாயிரம் பேர் இருக்கும். சரி, ஐந்நூறு. நாய்களைக் கழித்துவிட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். சுண்டெலி ராஜா மாதிரி நடந்தது. கடைசியில் நடுவர் முன்னால் வந்து நின்றதே, அப்படி நின்ற குதிரையை நான் பார்த்ததில்லை, நடுவரும் பார்த்திருக்கமாட்டார். நீ சல்யூட் வைத்தாய், நடுவர் தலையசைத்தார், எல்லோரும் கைதட்டினார்கள். குதிரை நகரவில்லை. நீ காலால் தட்டினாய், நகரவில்லை. எதிரே பார்த்தேன். எழுத்துப் போட்ட ஒரு பலகை, பக்கத்தில் வரிசையாக நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பஸ் நிறுத்தத்துக்கு வேறு என்ன வேண்டும்? நான் டீக்கடைக் கூடாரத்துக்குப் பின்னால் போய், கைக்குட்டையை வாயில் வைத்து, இருமுகிற மாதிரி மெதுவாக இரண்டு ஊதினேன். கிளம்பிவிட்டது.

வெளியே வந்ததும் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாய். ஒன்பது பேரில் இரண்டாவது இடம்! இருந்தாலும் நீ கெட்டிக்காரி, கேட்டுவிட்டாய். "மாமா, கடைசியில இவன் ஏன் நகரவே மாட்டேன்னான்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம், கண்ணு. இப்படி இப்படி, ஒரு விசிலுக்கு நிற்பான், இரண்டுக்குத்தான் போவான் என்று இரண்டே வரி. நீ திட்டியிருப்பாய், திட்டிவிட்டு அதற்கு ஒரு வழி பண்ணியிருப்பாய், அமைப்பாளர்களிடமாவது பேசியிருப்பாய். ஆனால் பக்கத்தில் நின்ற ஒருத்தர், "என்ன அருமையா நிக்குது, யார் பழக்கினது?" என்று கேட்டுவிட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "மரியாதை தெரிஞ்ச குதிரைம்மா அது, பெரியவங்க முன்னாடி அவசரப்படாது"ன்னேன். நீயும் சிரித்துக்கொண்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனாய். இன்னும் அந்தத் தோளில் சட்டை போடும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.

இரண்டாவது கட்டம், காடு மேடு பள்ளம் எல்லாம் ஓடித் தாண்டுகிற கட்டம். ஒவ்வொரு தடைக்குப் பக்கத்திலும் ஒரு ஆளை நிறுத்தி, குதிரை வருகிறது, ஜனங்கள் ஒதுங்கவேண்டும் என்று அவர் கையில் ஒரு விசில் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் யாருமே எனக்குச் சொல்லவில்லை. சரி, நானும் கேட்கவில்லை. முதல் தடைக்காரர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்ததால் ஊதவில்லை. பறந்தாய் நீ! இரண்டாவது, தண்ணீர்ப் பள்ளத்துக்கு முன்னால் மரக்கட்டை. அங்கே நின்றவர் கடமையில் தவறாதவர். நீ வளைவில் வந்ததும் நீளமாக, அழகாக, ஒரே ஒரு விசில். நானே ஊதியிருந்தாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். சுண்டெலி மரக்கட்டைக்கு இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம். விழுந்தால் அடிபடாமலிருக்கத் தானே காற்றடைத்துக்கொள்ளுமே, அந்தக் காற்றுச்சட்டை டப்பென்று உப்பிக்கொண்டது. நீ தண்ணீருக்குள்ளிருந்து பலூன் மாதிரி எழுந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முதலில் என்ன கேட்டாய் தெரியுமா? "அவனுக்கு ஒண்ணும் ஆகலயே?" உன்னைப் பற்றி நீ கேட்கவே இல்லை.

விழுந்தால் போட்டியிலிருந்து வெளியே, அதுதான் சட்டமாம். அதோடு விட்டதா? குதிரை அங்கேயே சிலை மாதிரி நிற்கிறது. நாலு பேர் இழுத்தார்கள், இரண்டு பேர் தள்ளினார்கள், டாக்டர் வந்து காலைத் தூக்கிப் பார்த்தார். பின்னால் வருகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்திருக்கிறார்கள், ஒலிபெருக்கியில் தாமதத்துக்கு வருந்துகிறோம் என்கிறார்கள். எனக்குத் தெரியும் என்ன செய்யவேண்டும் என்று. தெரிந்தும் அத்தனை நேரம் கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். கடைசியில் கயிற்றைத் தாண்டிப் போய், உன் கண்ணெதிரே, விசிலை எடுத்து, இரண்டு ஊதினேன்.

சுண்டெலி சமர்த்தாக நடந்து வந்து என் சட்டைப் பையில் மூக்கை விட்டுப் பன் தேடியது.

நீ என்னைப் பார்த்தாய், குதிரையைப் பார்த்தாய், விசிலைப் பார்த்தாய். கத்துவாய் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "இதனாலதானா மாமா?" என்றாய், அவ்வளவுதான். ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக் என்று, உப்பின சட்டையோடு, கையைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தரையும் பார்க்காமல் அவ்வளவு தூரமும் நடந்து போனாய். உன் பின்னாலேயே வந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

ஆக நான் சொல்லவருவது என்னவென்றால், குதிரை உனது, விற்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அது உன்னைக் கவிழ்த்துவிட்டது என்ற கோபத்தில் விற்காதே. அது கவிழ்க்கவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் செய்தது. தடையை அது பார்த்தது, தாண்டத்தான் வந்தது, கடைசி நொடியில் நான் நிறுத்தினேன், நான் அங்கே இல்லாமலே. கோபத்தை என் பேரில் வை, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வை, தாங்குவேன். மரச்சாமான் கடைக்காரர் வருவதற்குள் ஒரே ஒரு தடவை வந்து அதன் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் முடிவு பண்ணு. நான் இருக்கமாட்டேன்.

விசிலைப் பற்றி நீ கவலைப்படவேண்டாம். போட்டி முடிந்த அன்று சாயங்காலமே ஏரிக்கரையில் நின்று, கண்ணீரும் கம்பலையுமாக, என் பலம் அனைத்தையும் திரட்டி வீசிவிட்டேன். அது போன தூரத்தைப் பார்த்துப் படகில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். லாயத்துப் பக்கமும் நான் இனித் தலைவைத்துப் படுக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் வரும்போது நான் என் வீட்டில், என் நாற்காலியில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இது உன் மாமன் வாக்கு.

உன் மணிக்கட்டு சீக்கிரம் கூடட்டும். நீ ஏறும் குதிரையெல்லாம் உன் சொல் கேட்கட்டும், வேறு யார் சொல்லும் கேட்காதிருக்கட்டும். உன் அம்மாவுக்கு என் வணக்கம், அவள் என்னைச் சொன்னதெல்லாம் சரிதான் என்று நான் ஒப்புக்கொண்டதாக மட்டும் தெரிவித்துவிடாதே, வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வாள்.

என்றும் உன் நலம் நாடும்,
தலைகுனிந்த தாய்மாமன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சின்ன விஷயம் நடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய கடைக்காரர் இன்றைக்கே, வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றால் நான் லாயத்தில்தான் இருந்தேன். சும்மா ஒரு பன் கொடுக்கப் போனேன். கடைக்காரருக்குக் குதிரையை ரொம்பப் பிடித்துவிட்டது. "நாளைக்கே வண்டி அனுப்பறேன்"ன்னு சொல்லிட்டு, ஏறி, முற்றத்தைச் சுற்றி, திறந்திருந்த வாசல் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனார். வெளியே ரோடு. ரோட்டில் ஒரு லாரி. நான் என்ன செய்வேன்? ஒன்று ஊதிவிட்டேன். சுண்டெலி வாசலிலேயே நின்றுவிட்டது. கடைக்காரர் மட்டும் போய் வாசலோரத்து எருக்குவியலில் இறங்கினார். அடி ஒன்றும் இல்லை, எரு மெத்துமெத்தென்று இருந்தது. எழுந்து, துடைத்துக்கொண்டு, இந்தக் குதிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டார்.

"எந்த லாரியய்யா வந்துச்சு?"ன்னு லாயக்காரம்மா கேட்டாங்க.

"வந்துக்கிட்டு இருந்துச்சு."

"எங்க?"

"தூரத்துல."

"எவ்வளவு தூரத்துல?"

"கிளம்பியிருக்கும்"னேன்.

ஏரியில் விழுந்தது விசில் இல்லை. கண்ணீரில் சரியாகத் தெரியாமல் சைக்கிள் சாவியை வீசிவிட்டேன், அன்றிலிருந்து நடந்துதான் போகிறேன். விசில் எங்கே என்று நீ கேட்கலாம். இந்த உறைக்குள் கட்டியாக உறுத்துகிறதே, அதுதான். வாயில் வைப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்.

சுண்டெலி இன்னமும் அந்த வாசலில்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தீனி வாளியைக் காட்டினால் உள்ளே வந்துவிடும் என்று லாயக்காரம்மா சொல்கிறார், நான் காட்டவிடவில்லை. முதுகில் கம்பளி போட்டு, முன்னால் புல் வைத்திருக்கிறேன். ஒன்று ஊதவேண்டியதெல்லாம் நான் ஊதித் தீர்த்துவிட்டேன். அந்த இரண்டை நீ வந்து ஊது, கண்ணு.